கடைமடைத் தண்ணீருக்கு ஏற்ற மீன்

முதல் முறையாக மீன் தொட்டி வைக்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த மீன் வாங்கலாம்?" பதிலுக்கு நான், "உங்க வீட்ல துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்பேன். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கிறது, சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது, குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, இரண்டு மாதத்தில் பக்கெட்டின் நிறமே மாறிப்போகிறது என்றால், வேறு யோசனையே வேண்டாம். மோலி வாங்குங்கள்.

காவிரிப் படுகையில் எல்லா ஊர்த் தண்ணீரும் ஒன்றில்லை. கல்லணைக்குக் கீழே திருவையாறு, பாபநாசம் பக்கம் போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும். ஆறும் வாய்க்காலும் காலங்காலமாக ஊறவைத்த மண் அது. கிழக்கே வர வர நிலைமை மாறுகிறது. தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டை என்று கடைமடையை நெருங்கினால் நிலத்தடியில் கடல் உள்ளே வந்திருக்கிறது. வேதாரண்யத்துக்காரர்கள் குடிக்க கொள்ளிடத்திலிருந்து குழாயில் தண்ணீர் வர வேண்டியிருக்கிறது. போர் தண்ணீர் துவைக்க, குளிக்க, மாட்டுக்கு. அதிலும் தலைமுடி கொட்டுகிறது என்று புலம்பாத வீடு கிடையாது.

இந்தத் தண்ணீரைத்தான் மோலி விரும்புகிறது. சகித்துக்கொள்கிறது என்று சொல்லவில்லை; இதில்தான் அது நன்றாக இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். மோலிக்கு உகந்த அளவு சுமார் 270 முதல் 540 வரை. குடிப்பதற்கு நாம் முகம் சுளிக்கிற அந்த இடைவெளியில்தான் இந்த மீன் வாழ்கிறது.

காரணம் அதன் பூர்வீகத்தில் இருக்கிறது. கடைகளில் மோலி என்ற பெயரில் விற்பதெல்லாம் மூன்று நான்கு இனங்கள் கலந்து வந்தவை. பொசிலியா ஸ்பெனாப்ஸ் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மீன். முதுகுத் துடுப்பைப் பாய் மாதிரி விரிக்கும் செயில்ஃபின் மோலியில் ஒன்று பொசிலியா லாட்டிபின்னா. அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையிலிருந்து மெக்சிகோவின் வெராக்ரூஸ் வரை பரவியிருக்கும் மீன் அது. இன்னொன்று பொசிலியா வெலிஃபெரா. அதற்கு ஊர் யுகடான் தீபகற்பம். அடிமுழுக்கச் சுண்ணாம்புப் பாறை. இவற்றில் பல ஆற்று முகத்துவாரத்திலும் உப்பங்கழியிலும் சதுப்புக் காட்டிலும் திரிகிறவை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மடவை மீன் ஆற்றுத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் நடுவே போய்வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மெதுவாகப் பழக்கினால் செயில்ஃபின் மோலி முழுக் கடல் தண்ணீரிலும் வாழும்.

உடம்புக்குள் நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நன்னீரில் இருக்கும் எந்த மீனுக்கும் வெளியே உள்ள தண்ணீரைவிட ரத்தத்தில் உப்பு அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் ஓயாமல் சிறுநீரை வெளியேற்றி, ஓயாமல் உப்பை உள்ளே இழுத்து, இதைச் சரிக்கட்டுகிறது. தண்ணீரில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் செவுளின் தோல் இறுக்கமாக இருந்து கசிவு குறையும். கால்சியமே இல்லாத மெல்லிய தண்ணீரில் போட்டால் கசிவு அதிகமாகி, மீன் தன் சக்தியையெல்லாம் அதிலேயே செலவழிக்கும். நெடுங்காலம் கடின நீரில் வாழ்ந்து பழகிய மோலியால் இந்தக் கூடுதல் வேலையை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் சாயங்காலம் ஓடிவந்தான்.

"மாமா, மீனெல்லாம் நின்ன எடத்துலயே ஆடிக்கிட்டு இருக்கு. நீந்தவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். நாலைந்து கறுப்பு மோலிகள். துடுப்பைச் சுருக்கிக்கொண்டு, ஓரடிகூட நகராமல், உடம்பை மட்டும் இப்படியும் அப்படியும் நெளித்துக்கொண்டிருந்தன. மீன் வளர்ப்பவர்கள் இதை ஷிம்மி என்பார்கள்.

"என்ன தண்ணிடா ஊத்தின?"

"கேன் தண்ணி மாமா. அம்மாதான் நல்ல தண்ணியா ஊத்தச் சொன்னாங்க."

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்கு எதைக் கொடுப்பாரோ அதையேதான் மீனுக்கும் கொடுத்திருக்கிறார். ஆனால் கேனில் வருவது ஆர்.ஓ. தண்ணீர். அதில் உப்பும் கால்சியமும் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். ஷிம்மி என்பது கிருமியால் வரும் நோய் அல்ல. மெல்லிய தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், அழுக்கான தண்ணீர் ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ சேர்ந்து மீனின் நரம்பையும் தசையையும் படுத்துவதன் அடையாளம். மருந்துக் கடைக்கு ஓடத் தேவையில்லை. தினமும் தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அவர்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு இரவு பக்கெட்டில் வைத்திருந்து ஊற்றச் சொன்னேன். ஒரேயடியாக மாற்றியிருந்தால் அந்த அதிர்ச்சியே மீனைக் கொன்றிருக்கும். வாரம் திரும்புவதற்குள் மீன்கள் துடுப்பை விரித்துக்கொண்டு தீனிக்கு மேலே வர ஆரம்பித்தன.

மீனுக்கென்று கேன் தண்ணீர் வாங்கும் வழக்கம் நம் பக்கம் பரவிவருவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. கஷ்டப்பட்டுக் காசு கொடுத்து வாங்கி மீனுக்குக் கெடுதல் செய்கிறோம். மீனை முதலில் வாங்கிவிட்டு அதற்காகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பது ஓயாத வேலை. குழாயில் வருவது என்ன என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற மீனை வாங்கினால், பாதிப் பராமரிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

உங்கள் தண்ணீரைத் தெரிந்துகொள்ள பருப்பும் சோப்பும் தோராயமான வழி. ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருகிறவர் கையில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், அதை வைத்தும் பார்க்கலாம். ஆனால் அது தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும். அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு வெறும் சோடியம் உப்பு என்று பிரித்துச் சொல்லாது. கடலோரத்தில் இந்த வித்தியாசம் முக்கியம். சொட்டு மருந்து மாதிரி விட்டுப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனை கிட் மீன் கடைகளிலேயே கிடைக்கிறது. துல்லியமாக வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

போர் தண்ணீரை மோட்டாரிலிருந்து நேராகத் தொட்டிக்குள் விடாதீர்கள். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். சில ஊர்களில் இரும்பும் இருக்கும். சற்று நேரத்தில் செம்மண் நிறத்தில் படியும். ஒரு ட்ரம்மில் பிடித்து, ஏர் பம்ப் குழாயைப் போட்டு, ஒரு இரவு விட்டால் இதெல்லாம் சரியாகிவிடும். மேலாகத் தெளிந்த தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றுங்கள். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். அவசரம் என்றால் கடையில் ஹைப்போ என்று கேட்டால் தருகிற சோடியம் தயோசல்ஃபேட் இரண்டொரு கல் போதும்.

சரி, கும்பகோணத்திலோ திருவையாற்றிலோ இருக்கிறவர்கள் மோலி வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம். ஃபில்டருக்குள் ஒரு துணிப்பையில் கழுவிய கிளிஞ்சலையோ சிப்பி ஓட்டையோ கொஞ்சம் உடைத்துப் போட்டுவையுங்கள். தண்ணீர் புளிப்புப் பக்கம் சாயும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கால்சியத்தைக் கொடுக்கும். இல்லாவிட்டால் கப்பி வாங்குங்கள். அதுவும் குட்டி போடும் மீன்தான், மெல்லிய தண்ணீரை மோலியைவிட நன்றாகத் தாங்கும்.

உப்பு விஷயத்தில் ஒரு குழப்பம் நிலவுகிறது. "மோலிக்கு உப்புப் போடணும்" என்று கடையில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கல்லுப்பு சோடியம் குளோரைடு. எவ்வளவு போட்டாலும் தண்ணீரின் கடினத்தன்மை ஏறாது. கால்சியம் இல்லாத தண்ணீரில் உப்பைக் கொட்டினால் அது உப்புப் போட்ட மெல்லிய தண்ணீர், அவ்வளவுதான். உங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருந்தால் உப்பு தேவையே இல்லை. மீன் சோர்ந்திருந்தாலோ புதிதாக வந்திருந்தாலோ லிட்டருக்கு 1 கிராம், மிஞ்சிப்போனால் 2 கிராம், அயோடின் சேர்க்காத கல்லுப்பைத் தனியே கரைத்து இரண்டு மூன்று தவணையாக ஊற்றலாம். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சொற்பம் என்று தெரியும். இந்த அளவுக்கே தொட்டியில் உள்ள சில செடிகள் முகம் வாடும். வேதாரண்யம் உப்பளத்து உப்பு நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கை தாராளமாகப் போக வேண்டாம்.

தொட்டி பெரிதாக இருக்கட்டும். குட்டி போடும் மீன் என்றால் ஒரு கண்ணாடிக் கிண்ணம் போதும் என்ற நினைப்பு எப்படியோ பரவிவிட்டது. மோலி கப்பியைவிடப் பெரிய மீன். செயில்ஃபின் மோலி 4 அங்குலத்தைத் தாண்டி வளரும். ஒரு கன அடி தண்ணீர் சுமார் 28 லிட்டர். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி 56 லிட்டர். சாதாரண மோலி நாலைந்துக்கு அது சரியாக இருக்கும். செயில்ஃபின் என்றால் 3 அடி நீளத் தொட்டி வேண்டும். சிறிய தொட்டியில் வளர்ந்த ஆணுக்கு அந்த முதுகுத் துடுப்பு முழுதாக விரியாமலே போய்விடும். அதைப் பார்ப்பதற்குத்தானே அந்த மீனை வாங்குகிறோம்.

கொல்லைப்புறத்தில் இடம் இருக்கிறவர்களுக்குச் சிமெண்ட் தொட்டி இன்னும் நல்லது. வெயில் கொஞ்சம் விழும் இடமாக இருந்தால் சுவரில் பாசி படியும், மோலிக்கு அதைவிடப் பிடித்த தீனி கிடையாது. புதுத் தொட்டியில் சுண்ணாம்பு கக்கும். கடின நீர் பிடிக்கும் மீன் என்றாலும் அந்தக் காரத்தை அதுவும் தாங்காது. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு, மறுபடி நிரப்பி, மறுபடி இறைத்து, இப்படி இரண்டு மூன்று வாரம் பழக்குவார்கள். நம் ஊரில் வாழைத்தண்டுக்குப் பஞ்சமில்லை.

கண்ணாடித் தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ, தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், கடைசியாக உள்ளது அவ்வளவு ஆபத்தில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். கடைமடைக்காரர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் தண்ணீரின் பி.ஹெச்., அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, பெரும்பாலும் 8-ஐ ஒட்டி நிற்கும். பி.ஹெச். 7-ல் இருப்பதைவிட 8-ல் அதே அம்மோனியாவின் விஷப் பகுதி சுமார் 10 மடங்கு. "எங்க அக்கா வீட்ல இப்படித்தான் விட்டாங்க, ஒண்ணும் ஆகலையே" என்பவருடைய அக்கா வீட்டுத் தண்ணீர் வேறாக இருந்திருக்கும். ஏற்கெனவே ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் காலம் வெகுவாகக் குறையும். அதைக் குளோரின் தண்ணீரில் கழுவிவிட வேண்டாம், தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும் என்பதும் ஒரு சாதகம். கொஞ்சம் உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரில் அந்தப் பாதுகாப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஆழமில்லாத கிணறுகளின் தண்ணீர் இளகும், சித்திரையில் மறுபடி உப்பேறும். வாரம் தவறாமல் மாற்றிக்கொண்டிருந்தால் தொட்டியும் கூடவே மெதுவாக மாறும், மீனுக்குத் தெரியவே தெரியாது. மூன்று மாதம் விட்டுவிட்டு ஒரேயடியாக மாற்றினால்தான் தகராறு.

மீன் வாங்கும்போது அவசரப்படாமல் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நம் பக்கத்துக் கடைகளுக்கு வண்ண மீன்கள் பெரும்பாலும் சென்னைக் கொளத்தூர் வழியாகப் பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்து வருகின்றன. பயணக் களைப்பு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் வந்து இறங்கிய அன்று வாங்க வேண்டாம். துடுப்பைச் சுருக்கி வைத்திருப்பது, மூலையில் ஒதுங்கியிருப்பது, உடம்பில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி தெரிவது, வயிறு ஒட்டியிருப்பது, இவற்றில் எது ஒன்று ஒரு மீனில் தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்தே வாங்காதீர்கள். பலூன் மோலி என்று உருண்டையாக ஒன்று விற்கிறார்கள். முதுகெலும்பு குறுகிப்போன குறையைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மீன் அது. உள்ளுறுப்புகள் நெருக்கப்பட்டு, நீந்தவே சிரமப்படும். குழந்தைகளுக்கு அது அழகாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனாலும் நான் வாங்க மாட்டேன், யாரையும் வாங்கச் சொல்லவும் மாட்டேன்.

ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். வயிற்றுக்கு அடியில், ஆசனவாயை ஒட்டிய துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறிபோல விரிந்திருக்கும். ஆணுக்கு ஒரு குச்சிபோலக் கூர்மையாக இருக்கும். கருவூட்டும் உறுப்பு அதுதான். ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று வாங்கினால் ஆண் அந்த ஒரே பெண்ணை நாள் முழுதும் துரத்தி ஓயவைத்துவிடும்.

தீனி விஷயத்தில் மோலி நம்மில் பலரைப்போலக் கீரைப் பிரியர். கடையில் விற்கும் குருணைத் தீனியையே வருஷம் பூராவும் போட்டால் வயிறு அடைத்துக்கொள்ளும். ஸ்பைருலினா என்ற பாசி சேர்ந்த தீனி வாங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் பசலைக்கீரையை வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்து, கல்லில் கட்டித் தொட்டியில் இறக்குங்கள். தோல் நீக்கி வேகவைத்த பட்டாணி, மெல்லியதாக நறுக்கிய வெள்ளரிக்காய் எல்லாம் சாப்பிடும். எது போட்டாலும் சில மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கீரை வாங்கும்போது, அது பூச்சிமருந்து அடித்த வயலோரத்திலிருந்து வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் படியும் பாசியை முன்பக்கம் மட்டும் துடைத்துவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விடுங்கள். அது அவற்றின் மேய்ச்சல் நிலம்.

இனி, பிள்ளைகள் எல்லாரும் காத்திருக்கும் விஷயம். மோலி முட்டையிடாது, குட்டி போடும். கரு தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, நீந்தும் குஞ்சாக வெளியே வரும். நல்ல சூட்டில் சுமார் 4 வாரம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒரு ஈற்றில் 20 முதல் 60 குஞ்சு சாதாரணம், பெரிய செயில்ஃபின் தாய் நூறைத் தாண்டும். கடையிலிருந்து பெண் மீனை மட்டும் வாங்கிவந்து, "ஆணே இல்லாம எப்படிக் குட்டி போட்டுச்சு?" என்று திகைத்தவர்கள் நிறைய. ஒருமுறை சேர்ந்தால் போதும், பெண் மோலி அந்த விந்தணுக்களைப் பல மாதம் உடம்பிலேயே சேமித்து வைத்து, அடுத்தடுத்த ஈற்றுக்குப் பயன்படுத்தும்.

இந்தக் குடும்பத்தில் இதைவிட வியப்பான ஒரு மீனும் இருக்கிறது. டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்து அமேசான் மோலியில் ஆணே கிடையாது. வேறு மோலி இனத்து ஆணோடு சேரும்; ஆனால் அந்த விந்து முட்டையைத் தூண்டிவிட மட்டுமே பயன்படும், குஞ்சுக்குத் தந்தையின் கூறு எதுவும் போகாது. பிறப்பதெல்லாம் தாயின் நகல். 1932-ல் கார்ல் ஹப்ஸ், லாரா ஹப்ஸ் தம்பதி இதை எழுதியபோது, முதுகெலும்புள்ள உயிர்களில் இப்படி ஒன்று இருப்பது முதன்முறையாகத் தெரியவந்தது.

பிரசவத்துக்கு என்று சிறிய பிளாஸ்டிக் கூண்டு விற்கிறார்கள். சினை மோலியைப் பிடித்து அதற்குள் அடைப்பது நல்லதல்ல. அது மிரளும் மீன், அடைத்த அதிர்ச்சியில் குறைப்பிரசவம் ஆவதுண்டு. அதற்குப் பதில் தொட்டியின் ஒரு பக்கத்தை வேலம்பாசியால் அடைத்துவிடுங்கள். ஜாவா மாஸும் உதவும். கடின நீரில் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி நாற்று விட்டதுபோலப் பரவும். தாயும் மற்ற மீன்களும் குஞ்சைத் தின்னத்தான் பார்க்கும், ஆனால் மோலிக் குஞ்சு பிறக்கும்போதே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும்; ஒளிய இடம் இருந்தால் கணிசமானவை தப்பிவிடும். வளர்ந்த மீனுக்குப் போடும் தீனியையே விரலால் பொடித்துத் தினம் மூன்று நாலு தடவை ஒரு சிட்டிகை போட்டால் போதும். முட்டையின் மஞ்சள் கரு போடச் சொல்வார்கள், தண்ணீரைத்தான் நாறடிக்கும்.

குளத்திலிருந்து பாசி எடுத்துவருகிறவர்கள் அதில் தட்டானின் இளம்புழு இருக்கிறதா என்று அலசிப் பாருங்கள். குஞ்சுகளை ஒன்றுவிடாமல் தின்றுவிடும். சம்பா பயிருக்கு மருந்தடிக்கும் நாட்களில் வயலை ஒட்டிய வாய்க்காலிலிருந்து பாசியோ தண்ணீரோ எடுக்கவே கூடாது. வீட்டுக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. கொசுவுக்கு நாம் அடிக்கும் ஸ்பிரேயிலும் கொளுத்தும் சுருளிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். அறையின் காற்றை ஏர் பம்ப் இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பம்பையாவது வேறு அறையில் வைத்துக் குழாயை நீட்டுங்கள்.

வெயிலுக்கும் குளிருக்கும் நம் ஊர் மோலிக்குத் தோதானது. 24 முதல் 28 டிகிரி வரை அதற்குப் பிடிக்கும். மார்கழி, தை மாத இரவுகளில் மட்டும், அதுவும் கொல்லைத் தொட்டியில், கவனம் வேண்டும். கறுப்பு மோலிக்குக் குளிர் ஆகவே ஆகாது. வீட்டுக்குள் உள்ள தொட்டிக்கு ஒரு சிறிய ஹீட்டர் இருந்தால் அந்த இரண்டு மாதம் நிம்மதி.

கரண்ட் போவதுதான் பெரிய சோதனை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு எங்கள் ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தென்னையும் கூரையும் போன வீடுகளில் மீனைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள். ஆனாலும் அந்த நாட்களில் தொட்டியைக் காப்பாற்றியவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் செய்தேன். முதல் வேலை, தீனியை அடியோடு நிறுத்துவது. வளர்ந்த மோலி ஒரு வாரம் பாசியை மேய்ந்தே தாங்கும். தீனி விழாவிட்டால் அம்மோனியாவும் குறையும். இரண்டாவது, அவ்வப்போது ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றுவது. மோலியின் வாய் மேல்நோக்கி இருப்பதால் மேற்பரப்பில் காற்றுப் படும் மெல்லிய அடுக்கிலிருந்து அது மூச்சு வாங்கிக்கொள்ளும். அதற்கு மேற்பரப்பு சுத்தமாக, திறந்தபடி இருக்க வேண்டும். மூன்றாவது, மூடிய ஃபில்டருக்குள் உள்ள ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்கவிடுவது. ஓடாத ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்து அழுகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகலையெல்லாம் ஒரேயடியாகத் தொட்டிக்குள் தள்ளிவிடும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை ஐப்பசிக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது இப்போது எனக்கு வழக்கம்.

கடைசியாக, குஞ்சுகள் பெருகிப்போகும்போது என்ன செய்வது என்பது. தயவுசெய்து குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். "கொசு முட்டையைத் தின்னுமே" என்று நல்ல எண்ணத்தில்தான் விடுகிறார்கள். ஹவாய்த் தீவுகளில் 1905-ல் கொசுவை ஒழிக்க என்று கொண்டுபோன மீன்களில் செயில்ஃபின் மோலியும் ஒன்று, அங்கேயே நிலைத்துவிட்டது. நம் நாட்டுக்குக் கொசுவுக்காக 1928-ல் வந்த கம்பூசியாவும் குட்டி போடும் மீன்தான். அது போன இடங்களில் உள்ளூர்ச் சிறுமீன்களின் குஞ்சையும் தீனியையும் சேர்த்தே தின்றது. நன்னீரோடு உப்புத் தண்ணீரிலும் வாழக்கூடிய மோலியை கோரையாற்றில் விட்டால் அது முத்துப்பேட்டைக் கழிமுகம் வரை போகும், அதைத் தடுக்க எதுவும் இல்லை. வயல் வாய்க்காலில் தலையில் வெள்ளிப் பொட்டோடு மேற்பரப்பிலேயே நின்று கொசுப்புழுவைப் பிடிக்கும் நம் சிறுமீன் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

குஞ்சுகள் இரண்டு மாதம் ஆனதும் ஆண், பெண் தெரிய ஆரம்பிக்கும். ஆண்களை அப்போதே பிரித்துத் தனித் தொட்டியில் விட்டுவிட்டால் பெருக்கம் குறையும். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது அவர்கள் வீட்டுத் தண்ணீர் என்ன என்று விசாரித்து, உங்கள் தொட்டித் தண்ணீரையும் ஒரு பெரிய கேனில் சேர்த்துக் கொடுத்தால் மீன் பழகச் சுலபமாக இருக்கும். கடைக்காரர்கள் சிலர் வளர்ந்த குஞ்சுகளை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக மீன் தீனி கொடுப்பார்கள். இதெல்லாம் நமக்கு ஆகாது என்று தோன்றினால் ஆண் மோலிகளை மட்டும் வாங்குங்கள். நிறமும் துடுப்பும் அவற்றுக்குத்தான் கூடுதல். தங்களுக்குள் கொஞ்சம் துரத்திக்கொள்ளும், அதனால் 3 அடித் தொட்டியாகவும் செடி அடர்த்தியாகவும் இருக்கட்டும். பெண்களை மட்டும் வாங்கும் யோசனை உதவாது. கடையிலிருந்து வரும்போதே அநேகமாகச் சினையோடுதான் வரும்.